உதைக்கிற துப்பாக்கி

பன்றிக்கு நூல் பிடித்தாற்போல நடக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டால், நிலக்கடலை விதைத்த வயலில் விட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். விதை போட்ட வரிசையை மோந்துகொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். ஒரு விதையை விடாது. கோடிக்குப் போனதும் திரும்பி, பக்கத்து வரிசையில் ஏறி வரும். ட்ராக்டர் ஓட்டுகிறவன்கூட அத்தனை ஒழுங்காகப் போகமாட்டான்.

லவோன் டாக்கெட் காலையில் காபிக் கோப்பையோடு ஓடைவயலுக்கு வந்தபோது வயல் முழுக்க அந்த ஒழுங்கு தெரிந்தது. போன வாரம் விதைத்த கடலையில் ஒரு மணி மிச்சமில்லை. கோப்பையை அப்படியே வேலிக் கம்பத்தில் விட்டெறிந்தாள். அது உடைந்தது. கோபம் கொஞ்சம்கூட அடங்கவில்லை.

குளம்புத் தடங்கள் வேலிக்குப் போயின. கீழ்க்கம்பியை மேலே தள்ளிவிட்டு நுழைந்திருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் க்ளீட்டின் நிலம். க்ளீட் அவள் புருஷன் ஹார்லனின் அண்ணன். டெக்சாஸ் முழுக்க விவசாயிகள் பன்றியை ஒழிக்க வழி தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டிருக்க, க்ளீட் மட்டும் பன்றிக்குச் சோளம் போட்டு வளர்த்தான். மூன்று காலில் நிற்கும் தகர டிரம், அதன் அடியில் ஒரு கடிகாரம். வேளை தவறாமல் சோளத்தை வாரி இறைக்கும். அதற்குப் பழகி வரும் பன்றிகளைச் சுட டல்லாஸிலிருந்து ஆட்கள் காசு கொடுத்து வந்தார்கள். க்ளீட்டின் சோளத்தைத் தின்ற பன்றிகள் வாய்க்கு ருசியாக வேறு ஏதாவது வேண்டுமென்று லவோனின் வயலுக்கு வந்தன. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? நாலு தடவை க்ளீட்டிடம் சொன்னாள். நாலு தடவையும் அவன், "பன்னிக்கு வேலி தெரியுமா கண்ணு?" என்று சிரித்தான்.

சமையலறையில் ஹார்லன் பிஸ்கட் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் போச்சு," என்றாள் லவோன்.

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் உக்காந்து தின்னுட்டிருக்கியா?"

"என்ன பண்ணச் சொல்றே? இன்னொரு விதைப்புக்கு விதை இருக்கு. போட்டுப் பாப்போம். அதுவும் போச்சுன்னா ஓடைவயல க்ளீட்டுக்குக் குத்தகைக்கு விட்டுடலாம். அவன் ரொம்ப நாளா கேக்கறான்."

லவோனுக்கு உச்சந்தலை சூடேறியது. அவர்கள் நிலத்தில் கடலைக்கு ஏற்ற மணல் அந்த ஒரு வயலில்தான். அது போனால் கடலை விவசாயமே போனது. ஹார்லன் போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் ஒருத்தியாக ட்ராக்டரில் ஏறி உழுது, கல் பொறுக்கி, வாய்க்கால் வெட்டிச் சீர்செய்த வயல் அது. மூன்றாவது முறை விதைக்க முடியாது. பருவம் தாண்டிவிடும், கடலை முற்றுவதற்குள் பனி கொட்டிவிடும்.

"நான் சுடறேன்," என்றாள்.

"நீயா?"

"ஏன், பன்னி உன் கையாலதான் சாவேன்னு சொல்லிச்சா?"

ஹார்லன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். இத்தனை வருஷமும் அவன்தான் சுட்டான். அந்த வட்டாரத்தில் அவனைப்போலக் குறி பார்க்கிறவன் குறைவு. ஆனால் அவன் இடது கைக்காரன். இடது தோளெலும்புக்குக் கீழேதான் டாக்டர் பேஸ்மேக்கர் வைத்துத் தைத்திருந்தார். துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையில் உள்ளே இருக்கும் கம்பி அறுந்துபோகும், இனி தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வலது தோளுக்கு மாற்றலாம் என்றால் வலது கண்ணில் பாதிப் பார்வைதான். அலமாரி நிறைய அவன் துப்பாக்கிகள் நின்றன. எல்லாம் இடது கைக்கென்றே செய்தவை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இழுத்துத் தள்ளவேண்டிய கைப்பிடி இடது பக்கம் இருக்கும். வலது கைக்காரி லவோனுக்கு அவை ஒன்றுக்கும் உதவாது.

"அப்ப உனக்குப் புதுசா ஒண்ணு பாக்கணும்," என்றான் ஹார்லன் கடைசியில். "க்ளீட்கிட்ட பேசறேன். அவன்கிட்ட நிறைய இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் க்ளீட் வந்தான். ட்ரக்கின் பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிய ஒன்றைக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வால்நட் கட்டை, நீளமான குழல், மேலே குறி பார்க்கக் கனத்த ஸ்கோப்.

"முந்நூறு மேக்னம்," என்றான் க்ளீட். "எல்க் மானையே உருட்டிப் போடும். பன்னி எம்மாத்திரம்? வச்சுக்க கண்ணு. நீ சுட்டு முடிக்கிறவரைக்கும் உன்னுது."

"இது எனக்குப் பெருசா இல்ல?" தூக்கிப் பார்த்த லவோன் கேட்டாள். கட்டை நீளம், விசையைத் தொட விரலை எட்டிப் போடவேண்டியிருந்தது.

"பெருசாத்தான் வேணும். பொம்பளை கையில சின்னது குடுத்தா பன்னிக்குக் கூச்சமாயிடும்."

ஹார்லன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டீயைப் பார்த்தான்.

வேலியோரம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வைத்தார்கள். லவோன் ட்ரக்கின் பின்பக்கத்தில் மணல் மூட்டை மேல் குழலைச் சாய்த்து, கண்ணை ஸ்கோப்பில் வைத்தாள். படம் சரியாகத் தெரியவில்லை. இன்னும் கிட்டே போனாள். கிட்டே போகாதே என்று இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. விசையை இழுத்தாள்.

குதிரை உதைத்தாற்போலத் தோளில் விழுந்தது. அதே நொடியில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து மோதியது. அவள் கண்ணைத் திறந்தபோது ஒரு கண்ணில் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மூக்கோரமாக ரத்தம் வழிந்து தேவாலயச் சட்டையில் சொட்டியது.

க்ளீட் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "ஆயிடுச்சு ஞானஸ்நானம்! எங்க முகாம்ல எல்லாருக்கும் உண்டு. பிறை மாதிரித் தழும்பு விழும் பாரு, அழகா இருக்கும்!"

"நிறுத்துடா," என்றான் ஹார்லன். அதுவும் முனகலாகத்தான் வந்தது.

லவோன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். அழுகை வரவில்லை. வெறி வந்தது. "தோட்டாவ எடு," என்றாள். இன்னும் மூன்று முறை சுட்டாள். மூன்று முறையும் விசையை இழுக்குமுன் உடம்பு தானாகச் சுருங்கியது, கண் தானாக மூடிக்கொண்டது. டப்பா நின்ற இடத்திலேயே நின்றது. க்ளீட் போகும்போது அவள் முதுகில் தட்டி, "எல்லாருக்கும் எல்லாம் வராது கண்ணு. வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்றான். அந்தத் தட்டு துப்பாக்கி உதைத்ததைவிட எரிந்தது.

மறுநாள் இரண்டாம் விதைப்பை முடித்தார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து லவோன் புருவத்தில் பிளாஸ்திரியோடு ஓடைவயல் மேட்டில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாலை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் மாலை, வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியதும் வேலிக்கடியில் புகுந்து வந்தன. முன்னால் ஒரு பெரிய கறுப்புத் தாய்ப்பன்றி. அதன் பின்னால் ஒரு கூட்டம். தாய்ப்பன்றி நேராக முதல் வரிசையில் மூக்கை வைத்தது.

லவோன் குறி வைத்தாள். தோள் முன்கூட்டியே நடுங்கியது. சுட்டாள், மண் எங்கோ பறந்தது. மறுபடி சுட்டாள். பன்றிகள் வேலிக்கு ஓடின. அதுவும் அவசரமில்லாமல் ஓடின. மணிக்கட்டு வலித்தது, காது இரைந்தது, புருவத்துக் காயம் பிரிந்து மறுபடி ரத்தம் கசிந்தது. விடிந்து வந்து பார்த்தபோது அவள் வீட்டுக்குப் போனபிறகு அவை திரும்பி வந்து ஓடையோரத்து வரிசைகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. இன்னும் ரெண்டு தடவை வந்தால் வயல் காலி.

தனக்குச் சுட வராது என்று அவளே நம்பிவிட்டாள். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும்விடக் கசந்தது. துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி ட்ரக்கில் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடலாமென்று க்ளீட்டின் முகாமுக்குப் போனாள்.

முகாம் வாசலில் டல்லாஸ் எண் வண்டி ஒன்று நின்றது. புது பூட்ஸ், விலைச்சீட்டு இன்னும் பிய்க்காத தொப்பியோடு ஒரு குண்டு மனிதர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. க்ளீட் அவருக்குப் பின்னால் குனிந்து நின்று, தேன் சொட்டுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"கண்ணை ஸ்கோப்புல ஒட்டாதீங்க சார். ஒரு கையகலம் தள்ளியே இருக்கட்டும். அவ்வளவுதான். இது ஆறரை மில்லிமீட்டர் தோட்டா போடற துப்பாக்கி. புதுசா வர்றவங்களுக்கு இதுதான் குடுப்பேன். உதையே தெரியாது. கட்டையும் குட்டையா வெட்டி வச்சிருக்கேன், கைக்கு அடக்கமா இருக்கும்."

"பெருசா ஒண்ணு வேணாமா? பன்றியாச்சே?" என்றார் அந்த மனிதர்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம். புதுசா வர்றவன் கையில பெருசு குடுத்தா முதல் வெடியிலயே பயம் புடிச்சுக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடுவான். நான் ஒருத்தருக்கும் அந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன்."

லவோன் வாசலில் நின்று இதை முழுக்கக் கேட்டாள். கையிலிருந்த போர்வை மூட்டையை மேஜைமேல் போட்டாள். தட்டுகள் குதித்தன, அந்த மனிதரும் குதித்தார்.

"அப்ப எனக்கு மட்டும் அந்தப் பாவத்தை ஏன் செஞ்சே?"

க்ளீட் முகத்திலிருந்த தேன் வடிந்தது. "லவோன், வெளிய போய்ப் பேசலாம் வா."

"இங்கயே பேசலாம். சாருக்கும் தெரியட்டும். சார், இந்தப் புருவத்தைப் பாருங்க. இது உங்க ஆள் செஞ்ச வேலை. எது குடுக்கணும்னு தெரியாம குடுக்கல. நல்லாத் தெரிஞ்சு குடுத்தான். என் வயல் நாசமாப் போகட்டும், குத்தகைக்குத் தூக்கிக்கலாம்னு குடுத்தான். மனுஷனாடா நீ? சொந்தத் தம்பி வீட்டுச் சோத்துல மண்ணு போட எப்படிடா மனசு வந்துச்சு?"

க்ளீட்டுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வெளியாள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வராது?

"என்னைத் திட்டிட்டே இரு. அந்த மேக்னத்தை நான் எடுத்துட்டு வரல. நான் இந்த ஆறரையத்தான் எடுத்து வண்டில வச்சேன். உன் புருஷன்தான் போன்ல கூப்பிட்டு, இருக்கறதுலயே அதிகமா உதைக்கறது எதுவோ அதைக் கொண்டா, ஒரே வெடியில அவ கீழ வச்சிடுவான்னு சொன்னான். போய் அவனைக் கேளு."

லவோன் பொய் என்று கத்தப்போனாள். வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவனுக்கு, மனைவியின் கண் ஸ்கோப்பில் ஒட்டியிருந்தது தெரியாதா?

வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹார்லன் கொட்டகையில் விதைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான். நீ சொல்லு இப்ப."

"லவோன்..."

"பேர் சொல்லாதே. ஏன்னு சொல்லு. என் கண்ணு போயிருந்தா? அந்த விளிம்பு கொஞ்சம் கீழ இறங்கியிருந்தா?"

ஹார்லன் பெட்டிமேல் உட்கார்ந்தான். "எனக்கு முடியல," என்றான். "நீ ட்ராக்டர் ஓட்டறே. நீ விதைக்கறே. கணக்கு வழக்கு நீ பாக்கறே. சுடறது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதையும் நீயே எடுத்துக்கிட்டா நான் இந்த வீட்ல எதுக்கு? வயலே இல்லன்னா யாரும் சுட வேண்டியதில்லைன்னு நெனச்சேன். ஒரு தடவை வலிச்சா நீ விட்டுடுவேன்னு பாத்தேன். ரத்தம் வரும்னு நினைக்கல."

"நினைக்கலயா? உனக்கா தெரியாது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்," என்றான்.

லவோன் கைக்கு அகப்பட்ட வாளியை எடுத்துக் கொட்டகைச் சுவரில் எறிந்தாள். தகரம் அதிர்ந்தது. இத்தனை நாளாகத் தன் கையை, தன் தோளை, தான் பெண்ணாகப் பிறந்ததைக்கூடத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுட வராது என்று அவளை நம்பவைத்தது யார்? கூடப் படுத்து எழுகிறவன். அண்ணன் செய்தது வெறும் பேராசை. அதை மன்னிக்காமல் விட்டுவிட்டுப் போய்விடலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எழுந்திரு," என்றாள். "என்னை நிறுத்தறதுக்கு எது சரியான துப்பாக்கின்னு உனக்கு அவ்வளவு கச்சிதமாத் தெரிஞ்சுதுல்ல? இப்ப வந்து பன்னிய நிறுத்தறதுக்கு எது சரின்னு பாத்துச் சொல்லு. கடைக்குப் போறோம்."

"இப்பவா?"

"இல்ல, கிறிஸ்மஸுக்கு! ஏறு வண்டில."

தீவனக் கடையிலேயே பின்பக்கத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். கடைக்காரி நெல்டா லவோனின் புருவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், சிறிய துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தாள். ரோஸ் நிறக் கட்டை. "இதைப் பெண்கள் விரும்பி வாங்கறாங்க மேம். உதையே இருக்காது."

"அதை வை," என்றான் ஹார்லன். கடைக்குள் வந்தபிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. "அது அணிலுக்கு. ஆண்பன்னி தோள்ல கேடயம் மாதிரித் தோல் இருக்கும், அதுலயே தோட்டா நின்னுடும். அடிபட்டுட்டு ஓடிப் புதர்ல கெடந்து ரெண்டு நாள் துடிச்சுச் சாகும். அந்த ஆறரையைக் காட்டு. நீளமானது வேண்டாம். குட்டைக் குழல்."

அவனால் தோளில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் லவோனின் முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தான். எட்டவில்லை. வேறொன்று கேட்டான். மூன்றாவது சரியாக வந்தது. கைப்பிடி வலது பக்கம் என்று இரண்டு முறை இழுத்துத் தள்ளிப் பார்த்துக்கொண்டான். உதை தாங்கக் கட்டையின் அடியில் தடித்த ரப்பர் பட்டை போடச் சொன்னான். நெல்டா பெரிய ஸ்கோப்பைக் காட்டியபோது தலையசைத்தான். "பன்னி கிட்டத்துல வரும், ஓடும். ரொம்பப் பெருசாக் காட்டினா வெறும் மயிர்தான் தெரியும். சின்னதாப் போடு. நல்லா முன்னால தள்ளி முடுக்கு. இன்னும் தள்ளு. அவ கண்ணு பக்கத்துல வரவே கூடாது." கடைசி வாக்கியத்தில் அவன் குரல் உடைந்தது. லவோன் கவனித்தாள். இரக்கம் வரவில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றுதான் வந்தது.

வீட்டில் தோட்டா போடாமல் பழகினாள். குழல்மேல் ஹார்லன் ஒரு நாணயத்தை வைப்பான். அது விழாமல் விசையை இழுக்கவேண்டும். முதலில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் உடம்பு இன்னும் மேக்னத்துக்குப் பயந்துகொண்டிருந்தது. தேவையான வார்த்தைக்கு மேல் அவள் அவனிடம் பேசவில்லை. "வை" என்பாள், வைப்பான். மறுநாள் மத்தியானம் நாணயம் நின்றது. அதற்கப்புறம் தோட்டா போட்டுச் சுட்டாள். தோளில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பெயின்ட் டப்பா எகிறிப் போய் விழுந்தது. லவோனுக்குச் சிரிப்புக்குப் பதில் ஆத்திரம் பொங்கியது. இவ்வளவுதானா? இதற்காகவா அத்தனை ரத்தம்?

அன்று மாலை ட்ரக்கை ஓடைவயல் மேட்டில் நிறுத்தினார்கள். ஹார்லன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். அவள் முன்புற மூடிமேல் மணல் மூட்டையைப் போட்டுக் காத்திருந்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே வந்துவிட்டன. இந்த வயலில் அவற்றுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. கறுப்புத் தாய்ப்பன்றி மிச்சமிருந்த வரிசையில் மூக்கை வைத்துக்கொண்டு நிதானமாக முன்னேறியது.

ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

லவோன் காதுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தாள். கண் திறந்தே இருந்தது. சுட்டாள். தாய்ப்பன்றி நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. மற்றவை திசை தெரியாமல் சுற்றின. எந்தப் பக்கம் போவதென்று சொல்ல ஆளில்லை. கைப்பிடியை இழுத்துத் தள்ளி இன்னொன்றையும் வீழ்த்தினாள். மிச்சம் இந்த முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு ஓடின.

"நல்ல வெடி," என்றான் ஹார்லன் மெதுவாக. "என்னால இதைவிட நல்லா சுட்டிருக்க முடியாது."

"உங்கண்ணனுக்குப் போன் போடு."

"காலையில போடறேனே."

"இப்ப போடு. நான் கேக்கணும்."

அவன் கைபேசியை எடுத்து, சத்தமாக வைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தினான். க்ளீட் எடுத்த எடுப்பிலேயே கத்தினான்: "யாருடா சுட்டது? என் ஆளுங்க இங்க பரண்ல உக்காந்திருக்காங்க, பன்னியெல்லாம் சிதறி ஓடுது!"

"லவோன் சுட்டா. பெரிய தாய்ப்பன்னி போச்சு, கூட ஒண்ணும் போச்சு." ஹார்லன் கைபேசிப் பக்கம் குனிந்தான். "க்ளீட், ஓடைவயல் குத்தகைக்கு இல்ல. உங்கிட்ட நான் ஒத்துக்கிட்டது தப்பு. மிச்சமிருக்கற விதைப்பு நிக்கும். நாங்கதான் பயிர் பண்றோம். நாளைக்குள்ள வேலிக்குப் பக்கத்துல இருக்கற டிரம்மை எடுத்துடு."

"அவ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்றாளா?"

ஹார்லன் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். "நிக்கறா. அந்த மேக்னத்தை உன்னைக் கொண்டு வரச் சொன்னதும் நான்தான், இதைச் சொல்றதும் நான்தான். எடுக்கலேன்னா நானே வந்து எடுப்பேன்," என்று சொல்லிக் கைபேசியை அணைத்தான்.

லவோன் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டாள். துப்பாக்கியை உறையில் வைத்தாள். ட்ரக்கைச் சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவருகே நின்றாள்.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டான் ஹார்லன்.

"இல்ல."

"என்னை மன்னிப்பியா?"

"அதுவும் இல்ல," என்றாள் லவோன். "இன்னிக்கு இல்ல. எப்பன்னு எனக்கே தெரியாது, கேட்டுட்டே இருக்காதே. இறங்கிக் கயித்தை எடு. விடியறதுக்குள்ள இந்தப் பன்னிங்களை வயல விட்டு இழுத்துட்டுப் போகணும்."

அவன் இறங்கி, வண்டியின் பின்னாலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வயலுக்குள் நடந்தான்.